சமக்குறியின் வரலாறும் ஒரு மாணவியின் வினாவும்

குறி என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். அம்பெய்வோனுக்கு அது இலக்கு. வழிநடப்போனுக்கு அது அடையாளம். இலக்கண ஆசிரியனுக்கு அது பெயர். இம்மூன்றிலும் பொதுவாக நிற்கும் உண்மை ஒன்றுண்டு. குறி தானாகப் பேசுவதில்லை. அதற்குப் பொருள் தந்தவர் மனிதர். தந்த பொருளைக் காலத்தின் தேவைக்கேற்ப மாற்றியவரும் மனிதரே. இவ்வுண்மையை மறந்து, குறிகள் என்றும் இவ்வாறே இருந்தன என்பதுபோல் நாம் வகுப்பறையில் கற்பிக்கும்போது, சிந்திக்கும் மாணவர் இடறி விழுகின்றனர். சிந்திக்காமல் மனப்பாடம் செய்யும் மாணவர் கடந்து செல்கின்றனர். இஃது எத்துணைப் பெரிய முரண்பாடு என்பதை என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமைதோறும் கணினி நிரல் எழுதும் பயிற்சி நடைபெற்றது. பயிற்சியளிக்க இளைஞர் ஒருவர் வெளியிலிருந்து வந்தார். ஆர்வமும் திறமையும் உடையவர். அவர் வெண்பலகையில் பின்வருமாறு எழுதினார்:

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். கணிதத்தில் வகுப்பின் முதல் மாணவி அவள். “ஐயா, ஒரு எண்ணும் அதைவிட ஒன்று கூடிய எண்ணும் எப்படிச் சமமாகும்? இது பொய்தானே?” என்றாள். மாணவர் சிலர் நகைத்தனர். பயிற்றுநர், “கணினியில் இப்படித்தான் எழுத வேண்டும், கேள்வி கேட்காமல் மனத்தில் வைத்துக்கொள்” என்று கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றார். மாணவி அமர்ந்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

வகுப்பின் பின்வரிசையில் நான் நின்றிருந்தேன். ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு என்னிடம் விடை இல்லை என்பதே உண்மை. அன்று தொடங்கிய தேடலின் பயன் இக்கட்டுரை. அந்த இரு சிறு கோடுகள் எங்கே பிறந்தன, எவ்வழியாகக் கணினிக்குள் வந்தன, வரும் வழியில் தம் பொருளை எங்கே மாற்றிக்கொண்டன என்பனவற்றை ஈண்டு முறையாகக் காண்போம்.

குறியின் பிறப்பு

கணிதக் குறிகள் மிகப் பழமையானவை என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். எண்கள் பழமையானவை; ஆனால் குறிகளிற் பல அண்மைக் காலத்தவை. கூட்டலையும் கழித்தலையும் காட்டும் + − என்னும் குறிகள் 1489ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோகான்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணித நூலில்தான் முதன்முதலாக அச்சேறின. 1881இல் பெஷாவருக்கு அருகே மண்ணிலிருந்து கிடைத்த பக்சாலி என்னும் பழஞ்சுவடியில் + போன்ற குறி எண்ணின் பக்கத்தில் நின்று குறை எண்ணைக் குறிக்கிறது! ஒரே வடிவம் ஓரிடத்தில் கூட்டலையும் மற்றோரிடத்தில் குறைவையும் காட்டியது. குறிக்கு இயற்கையான பொருள் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சமக்குறியைத் தந்தவர் இராபர்ட் ரெக்கார்ட். வேல்ஸ் நாட்டின் டென்பி ஊரில் பிறந்த மருத்துவர்; இலத்தீன் அறியாத எளிய மக்களுக்காக ஆங்கிலத்தில் கணித நூல்கள் எழுதிய நல்லாசிரியர். 1557இல் ‘அறிவின் சாணைக்கல்’ என்னும் பொருள்படும் பெயரில் அவர் இயற்கணித நூலொன்றை வெளியிட்டார். அந்நூலில், ‘இதற்கு இது சமம்’ என்னும் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை இட்டார். அவ்விரு கோடுகளைவிடச் சமமாக இருக்கக்கூடிய வேறு இரு பொருள்கள் இல்லை என்பதே அவர் காட்டிய காரணம். அவர் வரைந்த கோடுகள் இன்றைய குறியைவிட மிக நீண்டவை. இக்குறியை உலகுக்கு வழங்கிய அப்பெருமகன் மறு ஆண்டே, 1558இல், அபராதத் தொகையைச் செலுத்த இயலாமல் இலண்டன் சிறையில் உயிர்நீத்தார் என்பது வரலாற்றின் துயரப் பக்கம்.

அவர் மறைந்தபின் அக்குறி உடனே பரவிவிடவில்லை. சிலர் இரு செங்குத்துக் கோடுகளை எழுதினர். சிலர் இலத்தீன் சொல்லின் முதலெழுத்துகளைச் சுருக்கி எழுதினர். பிரான்சு நாட்டின் வியேத்து 1591இல் இதே இரு கோடுகளை இரண்டு எண்களுக்கிடையேயுள்ள வேறுபாட்டைக் காட்டப் பயன்படுத்தினார். பேரறிஞர் தெக்கார்த்து 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலில் சமத்துக்கு வேறொரு குறியையே கையாண்டார். இங்கிலாந்தில் ஓட்ரெட், ஹாரியட் ஆகியோரின் நூல்கள் 1631இல் ரெக்கார்டின் குறியைப் பயன்படுத்தி வெளிவந்தன. பின்னர் நியூட்டனும் லைப்னிட்சும் அதனை ஏற்றதால் அது நிலைபெற்றது. ஆக, ஒரு குறி எல்லாருக்கும் பொதுவாவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு மேல் சென்றது.

அந்நூறாண்டின் முடிவில் அக்குறிக்கு உறுதியான பொருள் ஒன்று அமைந்தது. இடப்பக்கத்தில் உள்ளதும் வலப்பக்கத்தில் உள்ளதும் ஒன்றே. துலாக்கோலின் இரு தட்டுகளும் நேராக நிற்கின்றன என்பதே அப்பொருள். அக்குறி எதையும் செய்யச் சொல்வதில்லை. உள்ள நிலையை உரைக்கிறது. நம் மாணவி அறிந்திருந்த பொருள் இதுவே.

துளையட்டையின் ஆட்சி

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு சிறு குழு 1954இல் பணி தொடங்கி, 1957இல் ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியை வெளியிட்டது. வாய்பாட்டை மொழிபெயர்ப்பது என்னும் பொருளுடைய சொற்களின் சுருக்கமே அப்பெயர். அறிவியலார் தாளில் எழுதும் வாய்பாட்டை ஏறக்குறைய அப்படியே கணினிக்குத் தரவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

ஆனால் அக்காலக் கணினியின்முன் இன்றுபோல் திரையும் விசைப்பலகையும் இல்லை. நிரலின் ஒவ்வொரு வரியும் 80 பத்திகள் கொண்ட தடித்த அட்டையொன்றில் துளைகளாக இடப்பட்டது. துளையிடும் பொறியில் இருந்த எழுத்துகளோ மிகச் சில. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகள், 10 எண்கள், இவற்றுக்கு மேல் ஒரு டசன் அளவிலான குறிகள்; அவ்வளவே. சிறிய எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை, பெரிது சிறிது காட்டும் குறிகளும் இல்லை. இருந்த குறிகளுக்கும் இடநெருக்கடி. வணிகருக்கான பொறியில் # என்று அச்சான அதே துளை, அறிவியலாருக்கான பொறியில் = என்று அச்சாயிற்று. & இருந்த இடத்தில் + வந்தது; % இருந்த இடத்தில் அடைப்புக்குறி வந்தது. துளை ஒன்று, அதனைப் படித்தவருக்கேற்பக் குறி இரண்டு.

இந்நெருக்கடியில்தான் பெருக்கலுக்கு உடுக்குறி * வந்தது. ஓட்ரெட் 1631இல் தந்த × குறி அப்பொறியில் இல்லை. இருந்திருந்தாலும் எக்ஸ் என்னும் எழுத்தோடு அது மயங்கும். இம்மயக்கத்தை லைப்னிட்சே 1698இல் தம் கடிதமொன்றில் சுட்டிக்காட்டி, பெருக்கலுக்குப் புள்ளியை விரும்பினார். அடுக்கைக் காட்ட எண்ணை மேலே சிறிதாக எழுத அட்டையில் வழியில்லை. ஆதலின் இரண்டு உடுக்குறிகள்  அடுத்தடுத்து இடப்பட்டன.

சமக்குறியின் பொருள் மாறியதும் இங்கேதான். கணினியின் நினைவகம் பல பெட்டிகள் அடுக்கிய பேழை போன்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் உண்டு. கணக்கிட்டு வந்த விடையை ஒரு பெட்டியில் இடுவதே நிரலின் தலையாய வேலை. அதற்கு ஒரு குறி வேண்டும். ஃபோர்ட்ரான் குழுவினர் அதற்குச் சமக்குறியை எடுத்துக்கொண்டனர். முதல் ஃபோர்ட்ரானில் இரண்டு எண்கள் சமமா என்று நேரே வினவும் முறை இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, விடை குறையா, சுழியமா, மிகையா எனப் பார்த்து மூன்று வழிகளில் ஒன்றில் செல்லும் முறையே இருந்தது. எனவே சமக்குறிக்கு வேறு வேலை இல்லாதிருந்தது. அதனை எடுத்துக்கொள்வதில் தடையும் இருக்கவில்லை.

ஆயினும் அவர்கள் இதனை மறைக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும். இம்மொழியில் இக்குறிக்கு ‘மாற்றி வை’ என்பதே பொருள் என்று ஃபோர்ட்ரானின் முதற் கையேடே எச்சரித்தது. கையேட்டின் எச்சரிக்கை பின்வந்த பல பாடநூல்களில் விடுபட்டுப் போயிற்று. குறி மட்டும் தங்கிவிட்டது.

சூரிச் நகரில் ஒரு விவாதம்

இவ்வேற்பாட்டை எல்லாரும் ஏற்றனர் என எண்ணுதல் தவறு. ஃபோர்ட்ரானுக்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே தாம் வகுத்த நிரல்மொழியில் இதற்கெனத் தனியாக அம்பு போன்ற குறியொன்றை அமைத்திருந்தார். கணக்கு இடப்பக்கம், அம்பு நடுவில், பெட்டியின் பெயர் வலப்பக்கம். ‘எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு, வந்ததை எண்ணிக்கையில் சேர்’ என்று கண்ணாலேயே படிக்கலாம். சுவிட்சர்லாந்தின் ரூட்டிசவுசரும் அம்புக்குறியையே விரும்பினார்.

1958ஆம் ஆண்டு மே இறுதியில் சூரிச் நகரில் அமெரிக்கர் நால்வரும் ஐரோப்பியர் நால்வருமாக எண்மர் கூடி, உலகுக்குப் பொதுவான நிரல்மொழி ஒன்றை வகுக்க அமர்ந்தனர். அதுவே பின்னர் அல்கால் எனப் பெயர்பெற்றது. குறிகளைப் பற்றிய விவாதம் அங்கே மிகக் கடுமையாக இருந்தது. அமெரிக்கர் தசமத்துக்குப் புள்ளி இடுவர். ஐரோப்பியர் காற்புள்ளி இடுவர். இதனைப் பற்றிய பேச்சு முற்றியபோது, தசமத்துக்குப் புள்ளியைத் தாம் ஒருபோதும் பயன்படுத்தப் போவதில்லை என்று ஒருவர் மேசையைத் தட்டி முழங்கினாராம். உலகின் தலைசிறந்த அறிஞர்கள் ஒரு புள்ளிக்காக மேசையைத் தட்டியிருக்கிறார்கள்! அப்படியிருக்க, ஒரு குறிக்காக ஒரு சிறுமி எழுந்து நின்றதில் வியப்பென்ன?

அக்கூட்டத்தில் கணித முறைப்படி சமத்துக்கு = என்னும் குறியே ஒதுக்கப்பட்டது. பெட்டியில் இடுவதற்குப் புதியதாக := என்னும் இரட்டைக் குறி வகுக்கப்பட்டது. முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த இவ்வடிவம் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதை நோக்குக. சமம் என்பது இருபுறமும் திருப்பிச் சொல்லத்தக்கது. இடுதல் என்பது ஒரு திசையில் மட்டும் செல்வது. ஆதலின் திசையுடைய வினைக்குத் திசையுடைய குறி பொருத்தமானது. நிக்லவுஸ் விர்த் 1970இல் மாணவர்க்கெனப் படைத்த பாஸ்கல் மொழியிலும் இம்முறையையே கைக்கொண்டார். சமக்குறியை இடுதலுக்குப் பயன்படுத்தியது ஒரு தவறான கருத்து என்றும், மொழி வகுத்தோர் பலர் ஃபோர்ட்ரானைச் சிந்தியாது பின்பற்றினர் என்றும் அவர் தம் முதிர்ந்த வயதில் எழுதினார். 2024இல் மறைந்த அப்பேராசிரியர் நம் மாணவியின் பக்கம் நின்றவர் என்று கூறலாம்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்சும் 1964இல் புதியவர்களுக்காகப் பேசிக் மொழியை உருவாக்கினர். அவர்கள் வேறொரு வழி கண்டனர். சமக்குறியை வைத்துக்கொண்டு, வரியின் முன்னே ‘ஆகுக’ என்னும் பொருள்படும் லெட் என்ற சொல்லை இட்டனர். ‘ஆகுக’ என்று தொடங்கும் வாக்கியம் உண்மையை உரைப்பதன்று, ஏவல் என்பது கற்போருக்கு உடனே விளங்கும். ஒரு சிறு சொல் ஒரு பெரிய குழப்பத்தைத் தவிர்த்தது.

அம்பு மறைந்த கதை

அப்படியாயின் அம்புக்குறி ஏன் வாழவில்லை? 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் இடப்பக்கம் நோக்கும் அம்பு ஓரிடம் பெற்றிருந்தது. 1967இல் அம்முறை திருத்தப்பட்டபோது அவ்விடம் அடிக்கோட்டுக்கு வழங்கப்பட்டது. மேல்நோக்கிய அம்பு இருந்த இடத்தில் ^ வந்தமர்ந்தது. விசைப்பலகைகள் ஆஸ்கியைப் பின்பற்றின. அம்பு விரல்நுனியிலிருந்து அகன்றது.

இதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் பி என்னும் மொழியையும், டென்னிஸ் ரிட்சி 1972இல் சி என்னும் மொழியையும் படைத்தனர். இவற்றின் முன்னோடியான மொழியில் := இருந்தது; தாம்சன் அதைச் சுருக்கி = ஆக்கினார். சமமா என்று வினவுவதற்கு == என்னும் இரட்டைச் சமக்குறி வந்தது. நிரல்களில் இடுதல் அடிக்கடி வரும். சமம் பார்த்தல் அதனிற் பாதியளவே வரும். ஆதலின் அடிக்கடி வருவது சிறிதாக இருக்கட்டும் என்பது அம்மொழியினர் கூறிய காரணம். தட்டச்சு செய்வோர்க்கு ஒரு தட்டு மிச்சம். கற்போர்க்கு ஒரு குழப்பம் மிகுதி. சி மொழியின் செல்வாக்கால் 1991இல் வந்த பைத்தான், 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளும் இம்முறையையே பின்பற்றின. இன்று நம் பிள்ளைகள் கற்பது இவற்றையே.

இக்குழப்பம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மூலநிரற் படியொன்றில், 2003 நவம்பரில் யாரோ ஒருவர் இரண்டு வரிகளை மறைவாகச் சேர்த்தார். ‘இப்பயனரின் எண் சுழியமா?’ என்று வினவுவதுபோல் தோன்றிய அவ்வரியில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி இருந்தது. அத்தளத்தில் சுழியம் என்பது முழு அதிகாரம் பெற்ற தலைமைப் பயனரின் எண். ஆகவே அவ்வரி வினவவில்லை; பயனரைத் தலைவராகவே ஆக்கிவிடும். முதன்மைப் பதிவோடு ஒப்புநோக்கியபோது அச்சூழ்ச்சி வெளிப்பட்டுத் தடுக்கப்பட்டது. ஒரு கோட்டுக்கும் இரு கோட்டுக்கும் இடையே எத்துணைப் பெரிய கதவு திறந்து கிடக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஓலையும் அட்டையும்

இவ்வரலாறு தமிழாசிரியர்க்குப் புதிதன்று. நம் எழுத்தின் வரலாற்றிலும் இதுவே நிகழ்ந்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எனவே எழுதுவோர் புள்ளியை விடுத்தனர். படிப்போர் இடம்நோக்கிப் பொருளுணர்ந்தனர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்னும் மயக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எகர ஒகர நெடில்களுக்கு வேற்றுமை காட்டும் வடிவம் வகுத்து அம்மயக்கத்தைப் போக்கினார். அதன்பின் அச்சுக்கோப்புக் காலம் வந்தது. அச்செழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கோடு தந்தை பெரியார் 1935இல் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணை, லை, னை முதலியவற்றைத் துதிக்கை வடிவில் எழுதிய முந்தைய தலைமுறையினரின் நூல்களை இன்றைய மாணவர் கண்டால் திகைக்கின்றனர்.

ஓலை புள்ளியை வெறுத்தது; ஈய அச்சு வளைவை வெறுத்தது; துளையட்டை அம்பை அறியாதிருந்தது. எழுதும் பொருள் எதுவோ அதுவே குறியின் வடிவை ஆள்கிறது. இவ்வுண்மையைத் தமிழெழுத்தைக் கொண்டு விளக்கத் தெரிந்த ஆசிரியர், நிரல்மொழியின் குறிகளையும் விளக்க வல்லவரே. கணினிப் பாடம் நமக்கு அயலானது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். கனடாவைச் சேர்ந்த கணிதக் கல்வி ஆய்வாளர் கேரலின் கியரன் 1981இல் எழுதிய கட்டுரை ஒன்று ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. சிறுவர் பலர் சமக்குறியை ‘இருபுறமும் ஒன்றே’ என்னும் உறவாகக் காண்பதில்லை. ‘இனி விடையை எழுது’ என்னும் கட்டளையாகவே காண்கின்றனர் என்பதை அது எடுத்துக்காட்டியது. 8 + 4 = ☐ + 5 என்னும் கணக்கைத் தந்து பாருங்கள். பலர் கட்டத்தில் 12 என்று எழுதுவர். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பர். உரிய விடை 7 ஆகும்.

இதில் நம் பிழையும் உண்டு. நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில், 7 = 3 + 4 என்று எழுதிய மாணவன் ஒருவனுக்கு ‘மாற்றி எழுதிவிட்டாய்’ என்று சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டேன். அவன் எழுதியது முற்றிலும் சரி. சமக்குறியைக் கட்டளையாகக் கண்டவன் நானே!

இங்கொரு வியப்பைக் காண்க. சமக்குறியைக் கட்டளையாகப் பிழைபடக் கொண்ட மாணவனுக்கு நிரல்மொழியின் வரி தடையின்றிப் புரிவதுபோல் தோன்றும். சமக்குறியின் உண்மைப் பொருளை உணர்ந்த மாணவியே ‘இது பொய்’ என்று தடுமாறுவாள். தடுமாற்றம் அறியாமையின் அடையாளமன்று. ஆழ்ந்த கல்வியின் அடையாளம். அத்தடுமாற்றத்தை நகைப்புக்கு இடமாக்கினால், நாம் இழப்பது வகுப்பின் தலைசிறந்த அறிவை.

ஆகவே, புதிதாகக் கற்போர்க்கு இவ்வாறு விளக்கலாம். முதலில் ஒரு காகிதப் பெட்டியை மேசைமேல் வைத்து ‘எண்ணிக்கை’ என்று பெயர் ஒட்டுக. உள்ளே 5 என்று எழுதிய சீட்டை இடுக. பின்னர் ஒரு மாணவரை அழைத்து, பெட்டியிலுள்ள எண்ணைப் பார்த்து, அதனோடு ஒன்றைக் கூட்டி, புதிய சீட்டில் 6 என்று எழுதி, பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதியதை உள்ளே இடச் சொல்க. செய்து முடித்தபின், அச்செயலின் எழுத்துவடிவமே எண்ணிக்கை = எண்ணிக்கை + 1 என்று பலகையில் எழுதுக. வலப்பக்கத்திலுள்ள எண்ணிக்கை பழைய சீட்டு. இடப்பக்கத்திலுள்ள எண்ணிக்கை பெட்டி. செயல் முதலில், குறி பின்னர் என்னும் இவ்வரிசை மாறலாகாது.

இரண்டாவதாக, வரியை வாய்விட்டுப் படிக்கும்போது ‘சமம்’ என்னும் சொல்லை அறவே விலக்குக. ‘எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி எண்ணிக்கையில் இடுக’ என்று படிக்கச் செய்க. தமிழில் வினை இறுதியில் வருவதால், கணினி செயலாற்றும் ஒழுங்கும் நம் வாக்கியத்தின் ஒழுங்கும் ஒத்துப் போகின்றன. முதலில் கணக்கு, பின்னர் இடம், முடிவில் வினை. சூசே தம் அம்புக்குறியால் காட்ட விரும்பிய ஒழுங்கு இதுவே. == என்னும் இரட்டைக் குறியைச் ‘சமமா?’ என்று வினாவாகவே படிக்கச் செய்க. ஏவலும் வினாவும் வேறு வேறு என்பது தொடக்கப்பள்ளி இலக்கணத்திலேயே நம் மாணவர் கற்பது.

மூன்றாவதாக, மற்றக் குறிகளையும் இவ்வாறே பெயரும் தொழிலும் பிரித்துக் காட்டுக. % கணிதத்தில் விழுக்காடு. சி மொழியிலோ வகுத்தபின் எஞ்சும் மீதி. 17ஐ 5ஆல் வகுத்தால் மீதி 2. ஆதலின் 17 % 5 என்பது 2. அரைப்புள்ளி நம் உரைநடையில் வாக்கியத்தை நீட்டுவது; அல்கால் மொழியில் இரு கட்டளைகளைப் பிரிப்பது; சி மொழியில் கட்டளையை முடிப்பது. தமிழில் வினைமுற்று வந்தால் புள்ளியின்றியும் வாக்கியம் முற்றுப்பெற்றதை நாம் அறிகிறோம். கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. ஆதலின் முடிவைக் குறியால் காட்ட வேண்டியுள்ளது. இவ்வாறு ஒப்பிட்டுக் கூறினால் குறி அச்சத்தைத் தராது. அறிமுகமானவர்போல் வந்து அமரும்.

நிறைவுரை

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின் ஒருநாள் அம்மாணவியை என் அறைக்கு அழைத்தேன். ரெக்கார்டின் இரு கோடுகளையும், துளையட்டையையும், சூரிச் நகரில் தட்டப்பட்ட மேசையையும் அவளுக்குச் சொன்னேன். அவள் கண்கொட்டாமல் கேட்டாள். முடிவில், “அப்படியென்றால் நான் கேட்டது தவறில்லையா, ஐயா?” என்றாள். இல்லையம்மா என்றேன். அவ்விடையை அன்றே, அவ்வகுப்பிலேயே, அனைவர் முன்னும் நான் கூறியிருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் ‘எனக்குத் தெரியாது, ஆனால் உன் வினா நல்ல வினா’ என்று கூற எவ்வளவு நேரம் ஆகும்? அவள் மறுவாரம் வகுப்புக்கு வந்தாள். ஆனால், அவ்வகுப்பிலேயே வினா எழுப்ப நினைத்து, அவள் பட்டதைக் கண்டு வாய்மூடிக்கொண்ட மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நான் அறியேன்.

ஆசிரியர்களே, மாணவர்களே! குறிகள் கல்லில் வெட்டிய கட்டளைகள் அல்ல. அவை மனிதர் தம் காலத்தின் கருவிக்கும் தேவைக்கும் ஏற்பச் செய்துகொண்ட உடன்பாடுகள். உடன்பாட்டின் வரலாற்றைச் சொல்லிக் கற்பித்தால், கற்போர் அதனைப் பயன்படுத்துவர். குறைகண்டால் திருத்தவும் முற்படுவர். வரலாற்றை மறைத்துக் கற்பித்தால், அடங்கி நடப்போரையே உருவாக்குவோம். ஒரு மாணவி எழுந்து ‘இது பொய்தானே’ என்று கேட்கும் வகுப்பறை நமக்கு வாய்த்தால், அவளை அமரச் சொல்லாதீர்கள். அவள் நின்ற இடத்தில்தான் அன்றைய பாடம் தொடங்குகிறது.